அறுத்த பின்னும் நின்ற தேக்கு

மாவடிப்பள்ளம் வனக் கல்லூரியின் ஏழாம் பிரிவில், நூற்றுப் பதினான்காம் எண் தேக்கு முழுவதுமாக அறுபட்ட பிறகும் விழாமல் நின்றது, மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு. ரம்பம் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்ததை இருபத்தெட்டு மாணவர்களும், கல்லூரி முதல்வர் அம்மாவும், வெட்டுக் குழுவின் தலைவர் நஞ்சனும் கண்ணால் பார்த்தார்கள். அடிக்கட்டைக்கும் மரத்துக்கும் நடுவே நான்கு விரல் அகலத்துக்கு வெறும் காற்று இருந்தது. ரம்பத்தின் தடிமன் அரை விரல்கூட இல்லை. மீதி இடைவெளியை மரமே எடுத்துக்கொண்டது. அதன் வழியாகப் பார்த்தால் எதிர்ச் சரிவும் ஓடையும் ஓடைக்கரையில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு மானும் தெரிந்தன. நஞ்சன் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து உச்சியைப் பார்த்தார், தலைத்துண்டை அவிழ்த்து உதறினார்.

"இது இப்பைக்கு வராதுங்க. சோத்துக்குப் போலாமுங்க" என்றார்.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

மருதாசலம் மட்டும் போகவில்லை. இருபத்தாறு வருடமாக அந்தக் கல்லூரியின் களப் பயிற்றுநர் அவர்தான். வகுப்பறையில் படம் போட்டுப் பாடம் சொல்கிறவர்கள் வேறு. காட்டுக்குள் கூட்டிப்போய்க் கையில் அளவுநாடாவைக் கொடுத்து, எந்த மரத்தை எடுப்பாய், எதை விடுவாய், ஏன் என்று நீயே சொல் என்று நிறுத்தி வைக்கிறவர் இவர். காடு ஒரு வருடத்தில் எவ்வளவு வளர்ந்ததோ அதற்கு மேல் ஒரு கொம்புகூட எடுக்கக் கூடாது, எடுப்பதையும் மரங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு திணறுகிற இடமாகப் பார்த்து எடுக்க வேண்டும், அப்படி எடுத்தால் நிற்கிற மரத்துக்கு வெளிச்சம் கிடைக்கும், எடுத்த இடத்தில் கன்று எழும், இன்னும் நூறு வருடம் கழித்து வருகிறவனுக்கும் இதே சரிவில் இதே காடு இருக்கும் என்பதுதான் அவர் சொல்லிக்கொடுத்த பாடம். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்ததும். அதை அவர் வெயிலிலும் அட்டைக்கடியிலும் சொன்னார், ஒரு வருடம் கால் முறிந்து கட்டுப் போட்டிருந்தபோது கட்டிலோடு தூக்கிவரச் சொல்லிக் காட்டுக்குள் படுத்துக்கொண்டே சொன்னார்.

மரம் அறுப்பதற்கு இரண்டு வழக்கங்களை அவர் ஏற்படுத்தி வைத்திருந்தார். முதலாவது, மரம் விழப்போகிற வழியில் தானாக முளைத்து நிற்கிற கன்றுகளை எல்லாம் மண்ணோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றி, அப்பால் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். இரண்டாவது, கூப்பாடு. ரம்பத்தின் கடைசி இழுப்புக்கு முன்னால் மேலேயிருந்து "மரம் வருதேய்!" என்று கூப்பிட வேண்டும். சரிவில் ஒருவரும் இல்லை என்று பார்த்துவிட்டு, கீழே ஓரமாக இருக்கும் பாறைமேல் ஏறி நிற்கிற மாணவர் "வரட்டும்!" என்று பதில் கொடுக்க வேண்டும். பதில் இல்லையென்றால் இரண்டாம் முறை கூப்பிட வேண்டும். அதற்கும் இல்லையென்றால் மூன்றாம் முறை. மூன்றுக்கும் பதில் வராவிட்டால் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் சரிவில் இறங்கித் தேடிப் போக வேண்டும். இருபத்தாறு வருடமாக மாணவர்கள் இதைக் கேலி செய்தார்கள், விடுதியில் குளியலறைக் கதவைத் தட்டும்போதெல்லாம் "மரம் வருதேய்" என்றார்கள், உள்ளே இருக்கிறவன் "வரட்டும்" என்றான். ஆனால் காட்டில் யாரும் கேலி செய்ததில்லை.

முந்தைய வருடம் பங்குனியில், இதே பிரிவில், இதற்கு அடுத்த மரத்தை அறுத்தபோது பாறைமேல் நிற்க வேண்டியவள் தமயந்தி. பென்னாகரத்துப் பக்கம் புளியமரம் உலுக்குகிற ஒருவரின் மகள், மூன்றாம் வருடத்து மாணவி. கன்று பெயர்க்கிற வேலையையும் அவளேதான் கேட்டு வாங்கிக்கொண்டாள். பதின்மூன்று வேங்கைக் கன்றுகள் இருந்தன. பதினொன்றை மேலே கொண்டுவந்து வைத்துவிட்டு மீதி இரண்டுக்காக இறங்கினாள். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. நான்கு மணிக்குப் பேருந்து. மேலேயிருந்து முதல்முறை கூப்பிட்டார்கள், பதில் இல்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார்கள், பதில் இல்லை. அவள் இந்நேரம் பாறைக்குப் போயிருப்பாள், காற்றில் கேட்டிருக்காது என்று மருதாசலம் நினைத்தார். பிறகு, இந்த இருபத்தாறு வருடத்தில் அவசரத்துக்கு நாலைந்து முறை செய்திருந்ததைப் போல, பள்ளத்தின் பக்கம் முகத்தைத் திருப்பி, கையைக் குவித்து, "வரட்டும்!" என்று அவரே சொன்னார். எதிர்ச்சரிவு அதை வாங்கித் திருப்பிக் கொடுத்ததால், ரம்பம் பிடித்திருந்த பையன்களுக்கு அது கீழேயிருந்து வந்த பதிலாகவே கேட்டது.

தமயந்தி ஓடைக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பதின்மூன்றாவது கன்றுக்குச் சாக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

விசாரணையில் மருதாசலத்திடம் பதில் வந்ததா என்று கேட்டார்கள். வந்தது என்றார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மரம் விழும் வழியிலேயே நின்றுகொண்டு பதில் கொடுத்தது மாணவியின் கவனக்குறைவு என்று அறிக்கை எழுதி முடித்தார்கள். அந்தப் பாவி மனிதர் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார், ஒவ்வொரு நாளும் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

அதனால்தான் அறுபட்ட மரம் நின்றபோது மற்றவர்கள் காரணம் தேடினார்கள், அவர் தேடவில்லை. தன் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே வருவதற்காக இது காத்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதும் வாயை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

மற்றவர்கள் தேடிய காரணம் எளிமையானது. விபத்துக்குப் பிறகு கூப்பாடு பாதுகாப்பானதல்ல என்று அதை நிறுத்திவிட்டு, மேலேயும் கீழேயும் ஆளுக்கொரு வாக்கி-டாக்கி கொடுத்திருந்தார்கள். மரத்துக்கு வாக்கி-டாக்கி புரியவில்லை என்று மாணவர்கள் சொன்னார்கள். முதல்வர் அம்மா அதை ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும் மறுநாள் பழையபடி கூப்பிட்டுப் பார்க்க அனுமதி கொடுத்தார். பாறைமேல் ஒருவர் மாற்றி ஒருவராக ஏறி இருபத்தெட்டு பேரும் "வரட்டும்" என்றார்கள். நஞ்சன் தம் வீட்டுப் பாஷையிலும் சொல்லிப் பார்த்தார். பிறகு கயிறு கட்டி இழுத்தார்கள், டிராக்டர் கொண்டுவந்து இழுத்தார்கள், டிராக்டர்தான் பின்னுக்கு வந்தது. ஒரு வாரத்தில் எல்லோருக்கும் அலுத்துவிட்டது. விழும் வழியை இருபுறமும் அளந்து மஞ்சள் கயிறு கட்டி, யாரும் உள்ளே போகக் கூடாது என்று பலகை எழுதி வைத்துவிட்டு, பாடத்தைத் தொடர்ந்தார்கள்.

மனிதர்கள் எதற்கும் பழகிவிடுகிறார்கள், அதுவும் மாணவர்கள் மிகச் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். எறும்புகள் அடிக்கட்டைமேல் ஏறி இடைவெளி வரை வந்து கொஞ்சம் நின்று யோசித்துவிட்டுத் திரும்பின. மாணவர்கள் செய்தித்தாளை ஒருபுறம் நுழைத்து மறுபுறம் எடுத்தார்கள், அப்படி எடுத்த தாளைத் தேர்வுக்கு முந்தின நாள் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். சித்திரையில் அது மற்றத் தேக்குகளைப் போலவே இலையை உதிர்த்து நின்றது, முதல் மழைக்குத் துளிர்த்தது, ஆடியில் பூத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சளவு உயரத்தில் நாடாவைச் சுற்றிச் சுற்றளவு பார்த்தார்கள். பக்கத்து மரங்களைவிட அது ஒரு விரற்கடை கூடுதலாகப் பருத்திருந்தது. நிற்கும் மரங்கள் பதிவேட்டில் எழுதுவதா, வெட்டிய மரங்கள் பதிவேட்டில் எழுதுவதா என்று அலுவலகத்தில் ஒரு மாதம் வாதம் நடந்து, கடைசியில் இரண்டிலும் பென்சிலால் எழுதினார்கள். யானைகள் தம் பழைய தடத்தை விட்டுக் கயிற்றுக்கு வெளியே சுற்றிக்கொண்டு போயின. தேனெடுக்கப் போகிற பெண்கள் அந்த இடத்தைத் தாண்டும்போது பேச்சை நிறுத்திவிட்டு, தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். வேறொரு தேசத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்து மூன்று நாள் தங்கிப் பார்த்துவிட்டு, எதுவும் எழுதிக்கொள்ளாமல், முதல்வர் அம்மாவின் கையைப் பிடித்து வருத்தம் சொல்லிவிட்டுப் போனார். துக்க வீட்டுக்கு வந்தவர் போலத்தான் இருந்தது.

கயிற்றுக்கு நடுவே ஆள் கால் படாத அந்த நீண்ட பட்டையில், கல்லூரி பல வருடமாக விதை தூவியும் வேலி போட்டும் வர வைக்க முடியாத கன்றுகள் எல்லாம் எழுந்து வந்தன. வேங்கை வந்தது, நெல்லி வந்தது, கடுக்காய் வந்தது. தானாக முளைக்கும் காட்டைப் பற்றிய பாடத்தை அந்த வருடம் முதல் அங்கேயே நடத்தலாம் என்று முதல்வர் அம்மா சொன்னார். மருதாசலம் கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டு நீளக் கோலால் ஒவ்வொரு கன்றாகத் தொட்டுக் காட்டிப் பெயர் சொல்லிக்கொடுத்தார். ஓடைக்கரை வந்ததும் கோலைத் தாழ்த்திவிடுவார். அங்கே நின்ற கன்றின் பெயரை எந்த மாணவரும் அவரிடம் கேட்கவில்லை.

தமயந்தியின் அப்பா முனிரத்தினம் ஒவ்வொரு மாதமும் வந்தார். மூன்று பேருந்து மாறி, முந்தின நாளே கிளம்பி, காலையில் கல்லூரி வாசலில் இறங்குவார். சண்டை போட வரவில்லை. மகள் செத்த முதல் மாதத்தில் நிவாரணக் கடிதத்தோடு ஒருமுறை வந்தவர், அப்போது மருதாசலத்திடம் "பாப்பா எங்க நின்னுக்கிட்டு பதில் சொல்லிச்சிங்க, அந்த எடத்த மட்டும் காட்டுங்க" என்று கேட்டார். மருதாசலம் ஓடைக்கரையைக் காட்டினார். அதன்பிறகு மாதாமாதம் வந்து அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், நின்ற மரத்தை மற்றவர்களைப் போலப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல்முறை பார்த்தபோது மட்டும் தொழில் தெரிந்தவராக அண்ணாந்து கிளைகளைப் பார்த்துவிட்டு, "எடை எல்லாம் பள்ளத்துப் பக்கம் கீது. இது எப்பவோ வந்திருக்கணும்" என்றார்.

மறு வருடம் பங்குனி வந்தது. அவள் செத்து இரண்டு வருடம் ஆனது. முனிரத்தினம் அன்று வந்து வெகுநேரம் கயிற்றருகே நின்றார். மருதாசலம் வழக்கம்போலப் பத்தடி தள்ளி நின்றார்.

"இனிமே வர மாட்டேன் வாத்தியாரே" என்றார் முனிரத்தினம். "வந்து வந்து பாத்துட்டேன். எனக்கு வெளங்கிப்போச்சி."

"என்னங்கய்யா வெளங்குச்சு?"

"நான்தான் காரணம்னு. பாப்பா நாலு வயசுல இருந்து எங்கூட வரும். நான் மேல ஏறிக் கெளைய உலுக்குவேன், அது கீழ நின்னு பொறுக்கும். தள்ளிப் போம்மான்னு சொன்னா, 'வரட்டும்பா, நீ உலுக்கு'ன்னு சிரிக்கும். நானும் சிரிச்சிட்டு உலுக்கியிருக்கேன். பயத்தக் கத்துக்குடுக்காமப் போயிட்டேன். அதேதான இங்கயும் சொல்லிச்சி." அவர் மூக்கைச் சிந்தித் துண்டில் துடைத்துக்கொண்டார். "மாதம்மா, எங்க வூட்டுல அது, ரெண்டு வருசமா எங்கூடப் பேசல. 'நீதான் புள்ளைய மரத்தடியில வளத்த, மரம் தலைமேல வந்தாலும் வரட்டும்னு சொல்ற புள்ளையா ஆக்கிட்ட'ன்னு ஒரே ஒரு தடவ சொல்லிச்சி. அதோட சரி. சோறு போடுது, வெச்சிட்டுப் போயிடுது. சொன்னதுல தப்பும் இல்ல. நான் மரம் ஏறுறத வுட்டுட்டேன்."

இரண்டு வருடமாக மருதாசலம் தன் பயத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போகும், மாணவர்கள் முகத்தில் விழிக்க முடியாது, ஜெயிலுக்கும் போக வேண்டியிருக்கும் என்றெல்லாம் பார்த்தார். செத்தவள் போய்விட்டாள், பழி அவள்மேல் இருந்தால் அவளுக்கு வலிக்காது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்தப் பழி பென்னாகரத்தில் ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு புருஷனையும் பெண்டாட்டியையும் தின்றுகொண்டிருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இவர் இன்று போய்விட்டால் இனி வர மாட்டார்.

"உங்க பொண்ணு பதில் சொல்லலீங்க" என்றார்.

முனிரத்தினம் திரும்பிப் பார்த்தார்.

"நான் சொன்னனுங்க. ரெண்டு தடவ கூப்ட்டோம், சத்தமில்ல. மழை வருதுன்னு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு, அந்தப் பொண்ணு சொல்ற பதில நானே சொல்லிப்போட்டனுங்க. அது ஓடைக்குள்ள கன்னு எடுத்துட்டு இருந்துச்சுங்க. விழற வழியில இருக்கற கன்ன எடுத்துரோணும்னு நான்தான் சொல்லிக்குடுத்திருந்தேன். எடுத்துட்டு இருந்துச்சு. அதுமேல ஒரு தப்பும் இல்லீங்க. உங்க மேலயும் இல்லீங்க."

சொல்லி முடித்ததும் அவர் தன்னை அறியாமல் மரத்தைப் பார்த்தார். முனிரத்தினமும் பார்த்தார். எதிர்ச்சரிவில் பாடம் கேட்டுக்கொண்டிருந்த மாணவர்களும், என்ன நடந்தது என்று தெரியாமலே, பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கதை என்றால் மரம் அப்போது விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. ஓர் இலைகூட அசையவில்லை. ஒரு மனிதன் உண்மையைச் சொல்லிவிட்டான் என்பதற்காகப் பெருமைப்பட அதற்கு ஒன்றுமில்லை என்பது போல அது நின்றது.

முனிரத்தினம் அடிக்கவில்லை. அவர் பேசியபோது, இத்தனை மாதம் கொடுத்துவந்த மரியாதை பேச்சிலிருந்து போயிருந்தது.

"எங்கிட்டச் சொல்லி என்னா ஆவுது? வூட்டுக்கு வா. மாதம்மாகிட்டச் சொல்லு."

கிளம்புவதற்கு முன்னால் மருதாசலம் முதல்வர் அம்மாவின் மேஜைமேல் நான்கு வரி எழுதிக் கையெழுத்திட்டு வைத்தார். அம்மா படித்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் வாசலைத் தாண்டியிருந்தார். மூன்று பேருந்திலும் முனிரத்தினம் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். சேலத்தில் இறங்கியபோது ஒரு டீ வாங்கிக் கொண்டுவந்து நீட்டினார். அந்த டீயைக் குடிப்பதற்கு மருதாசலம் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

மறுநாள் மத்தியானம் மூன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் மாதம்மா சாக்கு விரித்து உட்கார்ந்து, கூலிக்கு வந்த புளியைக் கல்லில் வைத்துத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். யார் என்று கேட்கவில்லை. மருதாசலம் நின்றபடியே சொன்னார், முந்தின நாள் சொன்னதைவிட விவரமாக, பதின்மூன்று கன்றையும், மேகத்தையும், பேருந்தையும், கையைக் குவித்ததையும், விசாரணையில் வந்தது என்று சொன்னதையும் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சொன்னார். அவள் பாதி வரை தட்டிக்கொண்டே கேட்டாள், பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"மூணு தடவ கூப்புடணும்னு பாப்பா சொல்லியிருக்குது" என்றாள். "லீவுல வந்தப்ப இங்கயே நின்னு கத்திக் காட்டிச்சி. நீங்க ரெண்டு தடவதான கூப்ட்டீங்க?"

"ஆமாங்க."

"மூணாவது தடவ கூப்ட்டிருந்தா?"

"கேட்டிருக்கலாமுங்க. கேக்காட்டியும் ரம்பத்த வெச்சுட்டு எறங்கிப் போயிருப்போமுங்க. போயிப் பாத்திருப்போம்."

அவள் கையில் ஒட்டியிருந்த புளியை வழித்துச் சாக்கில் தேய்த்தாள். எழுந்து நின்றாள்.

"இப்பக் கூப்புடுங்க."

மருதாசலம் முனிரத்தினத்தைப் பார்த்தார். அவர் தலை குனிந்திருந்தார்.

"எதுக்குப் பாக்கறீங்க? ஒரு தடவ பாக்கி கீதில்ல, கூப்புடுங்க."

அவர் தெருவைப் பார்த்துத் திரும்பினார். பிறகு மலையில் கூப்பிடுகிற குரலில், வயிற்றிலிருந்து, "மரம் வருதேய்!" என்று கூப்பிட்டார். தெருவில் சைக்கிளில் போனவர் காலை ஊன்றி நின்றார். எதிர்வீட்டில் ஒருத்தி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, மாதம்மாவின் முகத்தைக் கண்டதும் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள். அவ்வளவு தூரம் போன குரலுக்கு அங்கே திருப்பிக் கொடுக்க மலை எதுவும் இல்லை.

அன்று நான்கு மணி வாக்கில் மாவடிப்பள்ளத்தில் அந்த மரம் சாய ஆரம்பித்தது என்று மாணவர்கள் பிற்பாடு சொன்னார்கள். விழவில்லை, சாய்ந்தது. நோயாளியைக் கட்டிலில் கிடத்துகிற மாதிரி அவ்வளவு மெதுவாக. பார்க்கிறவர்கள் உட்கார்ந்துகொண்டார்கள், இடையில் போய் முகம் கழுவிவிட்டு வந்தார்கள், பொழுது சாய்கிற வரை அது இறங்கிக்கொண்டே இருந்தது. அந்த வழியில் யார் இருந்திருந்தாலும், எத்தனை கன்று கையில் வைத்திருந்தாலும், எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, நடந்தே வெளியே வந்திருக்கலாம் என்றார் நஞ்சன். சொல்லிவிட்டு அந்தப் பெரிய ஆள் துண்டை வாயில் வைத்து அழுதார்.

இது எதுவும் பென்னாகரத்தில் நின்ற மூன்று பேருக்கும் தெரியாது. அவர்கள் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். முனிரத்தினத்தின் உதடு அசைந்தது. மாதம்மா சட்டென்று கையை உயர்த்தி, வேண்டாம், அவளுக்காக யாரும் சொல்லக் கூடாது என்று தடுத்துவிட்டாள். வெயில் கூரையிலிருந்து இறங்கிச் சுவருக்கு வந்தது, சுவரிலிருந்து புளிக்கு வந்தது. பதில் வரவில்லை. மருதாசலம் கால் மாற்றிக்கூட நிற்கவில்லை. முனிரத்தினம்தான் கடைசியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தடுமாறினார்.

அப்போது மாதம்மா சாக்கின் ஓரத்தைப் புருஷனுக்காக ஒதுக்கிவிட்டாள்.

"உக்காருய்யா" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம்."